காட்டுக் கடற்கரையில் எங்கே கூடாரம் போடுவது? ஒலிம்பிக் கரைக் குறிப்புகள்

அம்மா மே மாதம் சியாட்டிலுக்கு வந்தார். ஜூன் கடைசியில் இரண்டு இரவு கேம்ப்பிங் போகலாம் என்று நான் திட்டம் போட்டு, ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் கடற்கரைப் படங்களைக் காட்டினேன். பனிமூட்டம், கரை வரைக்கும் இறங்கி நிற்கும் மரங்கள், கடலுக்குள் தனித்தனியாக நிற்கும் பாறைகள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ராத்திரி தண்ணி வந்தா எந்தப் பக்கம்டா ஓடணும்?"

அம்மாவுக்கு நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 காலையில் மீன் வாங்கப் போன என் பெரியம்மா திரும்பி வரவில்லை. அதனால் அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ள முடியவில்லை. அதே கரைக்கு நான் முன்பே நான்கு முறை போயிருக்கிறேன். ஆனாலும் என்னிடம் பதில் இல்லை. அதுவரை நான் இடம் தேர்ந்தெடுத்த விதம் ரொம்ப எளிமை: கடல் தெரியுதா, பாத்ரூம் பக்கத்துல இருக்கா, அவ்வளவுதான். இந்த முறை உட்கார்ந்து படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதலில், இடங்கள்

வாஷிங்டன் மாநிலத்தின் மேற்கு ஓரம் இது. தேசியப் பூங்கா 1938-இல் உருவானது. கடற்கரைப் பட்டை 1953-இல் அதோடு சேர்க்கப்பட்டது. 70 மைலுக்கு மேல் நீளம், ஆனால் அகலம் குறைவு. காரை நிறுத்திக் கூடாரம் போடக்கூடிய இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான்.

க்ளேலாக் (எழுத்தில் 'கலலோச்' மாதிரி இருக்கும், உள்ளூர்க்காரர்கள் சொல்வது இப்படி): கடலுக்கு மேலே ஒரு மண்மேட்டில் இருக்கிறது. சுமார் 170 இடங்கள். 101-ஆம் நெடுஞ்சாலை பக்கத்திலேயே ஓடுகிறது. கோடைக்கு ஆறு மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும். எங்களுக்கு யாரோ ரத்து செய்த இடம் கிடைத்தது.

சவுத் பீச்: க்ளேலாக்குக்குச் சற்றுத் தெற்கே, கோடையில் மட்டும். திறந்த புல்வெளி, கடல் நேராகத் தெரியும். குடிதண்ணீர் கிடையாது, நிழலும் மறைப்பும் கிடையாது. முன்பதிவும் இல்லை; முதலில் வருபவருக்கு இடம்.

மோரா: பெரிய மரங்களுக்கு நடுவே, குவில்லயூட் ஆற்றோரம். 94 இடங்கள். ரியால்டோ கடற்கரைக்கு இரண்டு மைல். கடல் தெரியாது.

ஓசெட்: ஏரிக்கரையில் 15 இடங்கள் மட்டும். மழைக்காலத்தில் வெள்ளம் ஏறும். கடலைப் பார்க்க வேண்டுமானால் மூன்று மைல் நடக்க வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு இது ஆகாது.

அம்மாவின் கேள்வி

இந்தக் கரைக்கு வெளியே, கடலுக்கு அடியில், கஸ்கேடியா என்ற பிளவு இருக்கிறது. ஒரு புவித்தட்டு இன்னொன்றின் கீழே நுழைகிற இடம். 2004-இல் சுமத்ராவுக்குப் பக்கத்தில் விலகியதும் இதே வகைப் பிளவுதான். கஸ்கேடியா கடைசியாகப் பெரிதாக உடைந்தது 1700 ஜனவரி 26 இரவு. அளவு சுமார் 9.

இங்கே அப்போது எழுத்தில் பதிந்து வைக்க ஆள் இல்லாத நிலையில் தேதி எப்படித் தெரியும்? இந்தக் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வாஷிங்டன் கரையில் கோபாலிஸ் ஆற்றோரம் செத்துப்போன சிவப்புத் தேவதாரு மரங்கள் இன்னும் நின்றபடி இருக்கின்றன. நிலநடுக்கத்தில் நிலம் தாழ்ந்து, உப்புத்தண்ணீர் வேரில் ஏறி அவை செத்தன. வேர்களின் வளையங்களை எண்ணிப் பார்த்தால் கடைசி வளையம் 1699-இல் நிற்கிறது. அதே சமயம் ஜப்பானில், 1700 ஜனவரி கடைசியில், நிலமே அதிராமல் ஒரு பெரிய அலை வந்ததாக ஊர்க் குறிப்புகள் இருக்கின்றன. அலை கடலைக் கடக்கும் நேரத்தைக் கழித்துப் பார்த்து, தேதியை மட்டுமல்ல, இரவு ஒன்பது மணி வாக்கில் என்பதைக்கூட 1990-களில் கண்டுபிடித்தார்கள்.

இதில் நமக்கு முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. 2004-இல் நாகப்பட்டினத்துக்கு அலை வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிளவு தூரத்தில் இருந்ததால் பலருக்கு நில அதிர்வே தெரியவில்லை. யாரும் எச்சரிக்கவும் இல்லை. கஸ்கேடியாவில் எல்லாம் தலைகீழ். பிளவு பக்கத்திலேயே இருப்பதால் நிலம் நிமிடக்கணக்கில் பலமாக ஆடும். அதன்பின் முதல் அலை அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அதாவது ஆட்டமே எச்சரிக்கை. கடல் உள்வாங்குகிறதா என்று போய்ப் பார்க்கக் கூடாது, சைரனுக்கும் காத்திருக்கக் கூடாது. ஆட்டம் நின்றதும் நடந்தே மேட்டுக்குப் போக வேண்டும். அலை ஒன்றோடு நிற்காது என்பதால் பல மணி நேரம் மேலேயே இருக்க வேண்டும்.

இன்னொன்றும் படித்த பிறகுதான் உறைத்தது. மோரா கடலிலிருந்து தள்ளி இருப்பதால் பத்திரம் என்று நினைத்திருந்தேன். ஆனால் அலை ஆற்று வழியாக உள்ளே ஏறும். தூரமும் உயரமும் ஒன்றல்ல. மரம் மறைப்பதால் கடல் தூரமாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

மோராவுக்கு எதிரே, ஆற்றின் முகத்தில் லா புஷ் கிராமம் இருக்கிறது. குவில்லியூட் பழங்குடியினரின் ஊர். இந்தக் கடலை அவர்களைவிட அறிந்தவர்கள் இல்லை. அவர்களே மேட்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். அதற்காக 2012-இல் ஒரு சட்டம் மூலம் பூங்காவின் நிலத்தில் சுமார் 785 ஏக்கர் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. 2022-இல் பள்ளிக்கூடத்தை முதலில் மேலே கொண்டுபோனார்கள். குழந்தைகள் முதலில்.

சரி, அப்ப போகவே கூடாதா? அப்படி இல்லை. இப்படிப்பட்ட நிலநடுக்கம் சில நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. நாம் தங்கும் இரண்டு இரவில் வரும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. ஆனால் "எந்தப் பக்கம் ஓடணும்" என்பதைத் தெரிந்துகொள்ளப் பத்து நிமிடம்தான் ஆகும். அதைச் செய்யாமல் இருக்கக் காரணமில்லை.

தினசரி ஆபத்துகள்

நிஜத்தில் ஆட்கள் மாட்டிக்கொள்வது வேறு இரண்டு விஷயங்களில்.

ஒன்று, ஓதம். நம் சோழமண்டலக் கரையில் தண்ணீர் ஏறுவதும் வத்துவதும் ஒரு மீட்டருக்குள்தான். அதனால் நமக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றாது. இங்கே சில நாட்களில் மூன்று மீட்டர் வரை வித்தியாசம் வரும். வத்தியிருக்கும்போது பாறைமுனையைச் சுற்றி நடந்து போய்விடலாம். திரும்பும்போது வழி இருக்காது. அன்றைய ஓத அட்டவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் கோடைக்கால ஒரு மணி நேர மாற்றம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கரையில் குவிந்து கிடக்கும் ராட்சத மரக்கட்டைகள் மேல் குழந்தைகளை விடாதீர்கள். ஓர் அலை வந்தால் டன் கணக்கில் எடையுள்ள கட்டை மிதந்து உருளும்.

இரண்டு, தலைக்கு மேலே இருப்பது. ஈரமண்ணில் சிட்கா ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் மரங்கள் வேரை ஆழமாக விடுவதில்லை. காற்றில் கிளை விழும், சில சமயம் மரமே சாயும். கூடாரம் போடும் முன் அண்ணாந்து பாருங்கள்: பட்ட கிளை, ஒரு பக்கம் சாய்ந்த மரம் இருந்தால் வேறு மூலைக்குப் போங்கள். மரத்தடியில் இன்னொரு தொல்லை, மழை நின்ற பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கும். திறந்தவெளியில் அது இல்லை, ஆனால் கடற்காற்று கூடாரத்தைப் பிடுங்கும். இரண்டுக்கும் நடுவே, புதர் மறைப்புள்ள இடம்தான் எனக்குச் சரிப்பட்டது.

நாங்கள் செய்தது

க்ளேலாக்தான் போனோம், ஆனால் மேட்டின் விளிம்பிலிருந்து தள்ளிய வரிசையில். விளிம்பு இடங்களில்தான் படம் நன்றாக வரும். அந்த மண் அரித்துக்கொண்டே இருக்கிறது என்பதை, கீழே மண் போய் வேர்களில் தொங்கிய ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தைப் பார்த்தாலே புரியும்.

போய்ச் சேர்ந்ததும் கூடாரத்தை இறக்கவில்லை. முதலில் ரேஞ்சரிடம் கேட்டோம், சுனாமி வழிகாட்டிப் பலகைகளைத் தேடினோம். அவர் சொன்ன பக்கம் அம்மாவின் நடையிலேயே நடந்து, எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பார்த்துக்கொண்டோம். திரும்பி வந்து செருப்பு, டார்ச், மருந்துப் பை மூன்றையும் கூடார வாசலில் ஒரே இடத்தில் வைத்தோம். அம்மா என் மகளிடம் இரண்டு முறை கேட்டார்: "எந்தப் பக்கம்டி?" அவள் கையைக் காட்டினாள்.

ஒன்பது மணிக்குமேல்தான் சூரியன் இறங்கியது. அம்மா கரைக்கு இறங்கி வரவில்லை. மேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷத்துக்குப் பிறகு கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் அம்மா தங்கியது அன்றுதான். காலையில் "தூங்கினியா?" என்று கேட்டேன். "தூங்கினேன், நடுவுல ரெண்டு தடவ செருப்பு இருக்கான்னு பாத்துக்கிட்டேன்" என்றார்.

உங்களுக்கு என் சிபாரிசு இதுதான்: முன்பதிவுப் பக்கத்தில் கடல் தெரிகிறதா என்று பார்க்கும் முன், அந்த இடத்தின் உயரத்தையும் மேட்டுக்குப் போகும் வழியையும் பாருங்கள். விதிகளும் திறந்திருக்கும் காலமும் மாறும், கிளம்பும் முன் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.