துப்பாக்கி மசோதா நடந்த வழி



'சட்டம் போட்டுவிட்டார்கள்' என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். யார் போட்டார்கள், போடுவதற்கு முன் யார் யார் பேசினார்கள், எந்த இடத்தில் அதை நிறுத்தியிருக்கலாம் என்று கேட்பது குறைவு. சட்டம் மழைபோல் மேலிருந்து விழுவதில்லை. அது கதவு கதவாகத் தட்டித்தான் வருகிறது. அப்படி வந்த ஒரு சட்டத்தின் கதையை இங்கே சொல்லுகிறேன். நடந்த இடம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம். நம் மலேசியாவைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான நிலப்பரப்பு அதற்கு. மாடு வளர்ப்புக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கும் பேர்போன ஊர்.

நம் நாட்டில் துப்பாக்கி பற்றிய சட்டம் நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது பெருங்குற்றம். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்டத்துத் துரைமார் இடுப்பில் துப்பாக்கியுடன் மலையேறியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதோடு சரி. அமெரிக்காவில் அப்படியல்ல. துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் நடக்கலாமா என்பதைப் பெரும்பாலும் அந்தந்த மாநிலச் சட்டமன்றமே தீர்மானிக்கிறது.

பழைய தடை

சினிமாவில் பார்த்துவிட்டு, டெக்சாசில் எல்லாரும் எப்போதும் துப்பாக்கியோடுதான் திரிந்தார்கள் என்று நினைக்கிறோம். உண்மை வேறு. 1871-லேயே அந்த மாநிலம் பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டு செல்வதைத் தடை செய்துவிட்டது. வீட்டில் வைத்துக்கொள்ளலாம், பிரயாணிகளுக்கு விலக்கு உண்டு, மற்றபடி கூடாது. இந்தத் தடை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நின்றது.

1991 அக்டோபர் 16-ஆம் நாள் அதை அசைத்தது. கில்லீன் என்ற ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடை. மதிய வேளை, கூட்டம் நிறைந்திருந்தது. ஒருவன் தன் வண்டியைக் கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே ஓட்டி, இறங்கிச் சுடத் தொடங்கினான். 23 பேர் மாண்டார்கள். இறுதியில் தன்னையும் சுட்டுக்கொண்டான்.

அன்று பெற்றோருடன் சாப்பிட வந்திருந்தவர் சுசானா ஹப் என்ற பெண்மணி. முதுகெலும்புச் சிகிச்சை செய்பவர். அவரிடம் கைத்துப்பாக்கி ஒன்று இருந்தது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து அதைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். சுடுபவனைத் தடுக்கப் பாய்ந்த தகப்பனார் குண்டடிபட்டு விழுந்தார். மகள் சன்னல் வழியே தப்பினார். தாயார் பின்னால் வருகிறார் என்றுதான் நினைத்தார். தாயாரோ கணவரை விட்டு வரவில்லை. அவரும் கொல்லப்பட்டார்.

சுட்டவன் மீதுகூட அவருக்கு அவ்வளவு கோபம் எழவில்லையாம். துப்பாக்கியைக் காரில் விட்டுவரச் செய்த சட்டத்தின் மீதும், அதை இயற்றியவர்கள் மீதும்தான் கோபம் மூண்டது. அந்தக் கோபத்தோடு சட்டமன்றத்தின் கதவைத் தட்டப் புறப்பட்டார்.

மசோதா ஏறும் படிகள்

டெக்சாஸ் சட்டமன்றத்தில் இரண்டு அவைகள். கீழவையில் 150 பேர், மேலவையில் 31 பேர். வழக்கமான கூட்டம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, ஒற்றைப்படை ஆண்டில், 140 நாள் மட்டுமே நடக்கும். அதற்குள் முடியாத மசோதா செத்ததற்குச் சமம். அடுத்த கூட்டத்தில் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஓர் உறுப்பினர் மசோதாவைக் கொண்டுவருகிறார். அதற்கு ஓர் எண் கிடைக்கிறது. பிறகு ஒரு குழுவுக்குப் போகிறது. இதுதான் மிக முக்கியமான படி. ஏனெனில் பொதுமக்கள் பேசக்கூடிய இடம் இது ஒன்றே. யார் வேண்டுமானாலும் வரலாம். தம் பெயரைப் பதிவுசெய்து, 'ஆதரிக்கிறேன்' அல்லது 'எதிர்க்கிறேன்' என்று குறித்துக் கொடுத்தால் போதும்; முறை வரும்போது சில நிமிடம் பேசலாம். வக்கீலும் பேசலாம், மாடு மேய்ப்பவரும் பேசலாம். குழு பிடிக்கவில்லை என்றால் மசோதாவை அப்படியே கிடப்பில் போட்டுவிடும். பெரும்பாலான மசோதாக்கள் இங்கேதான் மடிகின்றன.

குழுவைத் தாண்டினால் அவையில் இரண்டாம், மூன்றாம் வாசிப்புகள்; மொத்தம் மூன்று, நம் நாடாளுமன்றத்தில் நடப்பதுபோல. பிறகு அடுத்த அவையில் இதே கதை. அங்கே ஒரு வரியை மாற்றினாலும் முதல் அவை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் இரு அவைகளிலிருந்தும் ஐந்தைந்து பேர் உட்கார்ந்து சமரசம் பேசுவார்கள். எல்லாம் முடிந்து கவர்னரின் மேசைக்குப் போகும். அவர் கையெழுத்துப் போடலாம், மறுத்தும் அனுப்பலாம். மறுப்பைத் தள்ள இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

ஒரு மறுப்பு, ஒரு கையெழுத்து

1993-ல் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. மறைத்துத் துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதிக்கலாமா என்று மக்களிடமே கருத்துக் கேட்கலாம் என்பதுதான் அது. கவர்னர் ஏன் ரிச்சர்ட்ஸ் அம்மையார் அதை மறுத்துவிட்டார். தெருவில் துப்பாக்கி கூடினால் ஆபத்தும் கூடும் என்பது அவர் கட்சி. மசோதா மாண்டது.

ஆனால் 1994 நவம்பரில் தேர்தல் வந்தது. ஏன் ரிச்சர்ட்ஸ் தோற்றார். இத்தகைய மசோதா வந்தால் கையெழுத்திடுவேன் என்று சொல்லியிருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ் வென்றார். மேலவை உறுப்பினர் ஜெர்ரி பேட்டர்சன் கொண்டுவந்த 60-ஆம் எண் மசோதாவில் 1995 மே மாதம் புது கவர்னர் கையெழுத்திட்டார். 124 ஆண்டுத் தடை விலகியது.

விலகியது என்றாலும் கட்டுப்பாடு இருந்தது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். பெருங்குற்றம் செய்திருக்கக் கூடாது. 10 முதல் 15 மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும். குறி பார்த்துச் சுட்டுக் காட்ட வேண்டும். கட்டணம் 140 அமெரிக்க வெள்ளி. துப்பாக்கி வெளியே தெரியவும் கூடாது. 1996-ல் சுசானா ஹப் தாமே தேர்தலில் நின்று கீழவை உறுப்பினரானார். சாட்சி சொல்ல வந்தவர் சட்டம் செய்யும் நாற்காலியில் அமர்ந்தார்.

வேலி ஒவ்வொன்றாக

ஒரு சட்டம் வந்துவிட்டால் அது அப்படியே நிற்பதில்லை. லைசென்ஸ் உள்ளவர்கள் துப்பாக்கியை வெளியே தெரியும்படி மாட்டிக்கொள்ளலாம் என்று 2015-ல் ஒரு சட்டம் இயற்றினார்கள். 2021-ல் 1927-ஆம் எண் மசோதா வந்தது. 21 வயதானவருக்கு, சட்டப்படி விலக்கப்பட்டவராக இல்லாவிட்டால், லைசென்சே வேண்டாம், வகுப்பும் வேண்டாம் என்றது அது.

இதைப் பல போலீஸ் அமைப்புகளே எதிர்த்தன. நடுத்தெருவில் எதிரே நிற்பவன் நல்லவனா கெட்டவனா என்று நாங்கள் எப்படி அறிவது என்பது அவர்கள் கேள்வி. ஆதரித்தவர்களோ, அரசியல் சட்டம் தந்த உரிமைக்கு ஏழை எதற்காகக் கட்டணம் கட்ட வேண்டும் என்று கேட்டார்கள். கீழவையில் 84-க்கு 56 என்று வென்றது. மேலவையில் ஒரு மசோதாவை விவாதத்துக்கு எடுக்க 18 பேர் சம்மதம் வேண்டும். அந்த எண்ணிக்கையை 19-லிருந்து 18 ஆகக் குறைத்ததே அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான். மசோதாவுக்குக் கிடைத்த வாக்கு எவ்வளவு தெரியுமா? சரியாக 18! எதிர்த்தவர்கள் 13. கவர்னர் கிரெக் அபாட் கையெழுத்திட, 2021 செப்டம்பர் 1 முதல் அது சட்டமாயிற்று. 2024-ல் தென் கரோலினாவும் சேர்ந்ததோடு, லைசென்ஸ் கேட்காத மாநிலங்கள் 29 ஆயின.

பலன் என்ன?

நியாயமாகவே இதைக் கேட்பீர்கள். 2019 டிசம்பரில் டெக்சாஸ் தேவாலயம் ஒன்றில் ஒருவன் சுட்டு இருவரைக் கொன்றான். அங்கே காவலுக்கு நின்ற தொண்டர் ஒருவர் சில நொடிகளில் அவனைச் சுட்டு வீழ்த்தினார். ஹப் அம்மையார் சொன்னது சரி என்பதற்கு இதைக் காட்டுகிறார்கள்.

2022 மே 24-ல் அதே மாநிலத்தின் உவால்டி என்ற சிற்றூரில், ஆரம்பப் பள்ளியில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டனர். ஆயுதம் தாங்கிய போலீசார் வந்தும், ஏறக்குறைய 77 நிமிடம் கழித்தே சுட்டவனை வீழ்த்தினார்கள். கையில் துப்பாக்கி இருப்பதனாலேயே பாதுகாப்பு வந்துவிடாது என்பதற்கு மற்றவர்கள் இதைக் காட்டுகிறார்கள். துப்பாக்கி எடுத்துச் செல்லும் சட்டங்களால் குற்றம் கூடியதா குறைந்ததா என்று முடிவு கட்டப் போதிய ஆதாரம் இல்லை என 2004-ல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் அறிவித்தது. அதற்குப் பின் வந்த ஆய்வுகளில் சில, கூடியது என்கின்றன. வாதம் முடியவில்லை.

என்னைக் கேட்டால், பள்ளிப் பிள்ளைகள் உள்ள ஊரில் துப்பாக்கி குறைவாக இருப்பதே மேல். நம் நாட்டின் கடுமையான சட்டம் நம்மைக் காக்கிறது என்றே நம்புகிறேன். ஆனால் தாய் தந்தையை ஒரே வேளையில் இழந்த ஒரு பெண்ணின் வாதத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்டது பிடிக்காவிட்டாலும், அவர் கேட்ட விதத்தை நாம் கற்றுக்கொள்ளலாம்.

நமக்கு என்ன?

நம் லயத்து வீட்டுக்கும் தண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும் 1990-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் உண்டு. 2019-ல் அதைத் திருத்தினார்கள். அந்த மசோதா நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டபோது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கூரை ஒழுகும்போது கிராணியிடம் முறையிடுகிறோம். சட்டம் திருத்தப்படும்போது தொகுதி உறுப்பினரிடம் போய் நிற்பதில்லை.

இனி நாளிதழில் 'மசோதா முதல் வாசிப்பு' என்று ஒரு சிறு செய்தி கண்ணில் பட்டால் தாண்டிப் போகாதீர்கள். வாசித்துப் பாருங்கள். விளங்காவிட்டால் சங்கத்துச் செயலாளரைக் கேளுங்கள். மேல்படிப்புப் படிக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள். இரண்டாம் வாசிப்புக்கு முன்னே நாலு பேர் சேர்ந்து ஒரு கடிதம் எழுதுங்கள். கையெழுத்து விழுந்த பிறகு புலம்புவதைவிட, கதவு திறந்திருக்கும்போதே தட்டுவது மேல்.