பகிர்ந்த நூலகத்தின் பைட் கணக்கு

சன் நிறுவனத்தின் சன்-3/50 பணிநிலையத்தில் இருந்த நினைவகம் 4 மெகாபைட், அதாவது 4,096 கிலோபைட். அதன் நினைவகப் பக்கம் ஒன்றின் அளவு 8 கிலோபைட். ஆகவே மொத்தம் 512 பக்கங்கள். இயங்குதளத்தின் கருவும் சாளரங்களும் பயனரின் நிரல்களும் இந்த 512-க்குள்தான் அடங்க வேண்டும். சி நூலகத்தின் நகலை ஒவ்வொரு நிரலுக்குள்ளும் ஒட்டி வைப்பதா, ஒரே நகலை எல்லா நிரல்களும் பகிர்வதா என்பது 1980களின் யூனிக்ஸில் இந்தப் பக்கங்களைச் சார்ந்த கேள்வி.

கணக்குக்காகச் சில அளவுகளை எடுத்துக்கொள்வோம். நிலையாக இணைத்த நிரல் ஒவ்வொன்றும் நூலகத்திலிருந்து 48 கிலோபைட், அதாவது 6 பக்கங்கள், தன்னுள் கொண்டுவருகிறது. பகிர்ந்தால் நூலகத்தின் பொதுப் பகுதியில் 240 கிலோபைட் நினைவகத்தில் தங்குகிறது. அதோடு நிரல் ஒன்றுக்குத் தனித்தரவாக 2 பக்கங்கள், 16 கிலோபைட், வேண்டும். 20 வெவ்வேறு நிரல்கள் ஓடினால் நிலை இணைப்புக்கு 960 கிலோபைட், மொத்த நினைவகத்தில் 23.4%. பகிர்வுக்கு 560 கிலோபைட், 13.7%. மிச்சம் 50 பக்கங்கள். ஆனால் 5 நிரல்கள் மட்டும் ஓடினால் நிலை இணைப்புக்கு 240, பகிர்வுக்கு 320; பகிர்வால் 80 கிலோபைட் நட்டம். 240-ஐ 32-ஆல் வகுத்தால் 7.5. எட்டாவது நிரலிலிருந்துதான் லாபம் தொடங்குகிறது. இங்கே எண்ண வேண்டியது வெவ்வேறு நிரல்களை மட்டுமே. ஒரே நிரல் பத்து முறை ஓடினாலும் அதன் கட்டளைப் பகுதியை யூனிக்ஸ் ஏற்கெனவே ஒரே நகலாகத்தான் வைத்திருந்தது.

பக்க அளவை மாற்றினால் கணக்கு நகர்கிறது. 1989-இல் வந்த ஸ்பார்க்ஸ்டேஷன் 1-இன் பக்கம் 4 கிலோபைட். அதே 2 பக்கங்களுக்கு இப்போது 8 கிலோபைட் போதும். ஆறாவது நிரலில் இரு வழிகளும் சமம், ஏழாவதில் லாபம். வாக்ஸ் கணினியின் பக்கம் 512 பைட். அங்கே 2 பக்கங்கள் 1 கிலோபைட், ஆறாவது நிரலிலேயே லாபம். 20 நிரல்களுக்கான செலவு முறையே 560, 400, 260 கிலோபைட். இந்தக் கணக்கில் பகிர்வுக்கு மிகவும் ஏற்ற இயந்திரம் வாக்ஸ். ஆனால் அதில் ஓடிய 4.3 பிஎஸ்டி (1986), டெக் நிறுவனத்தின் அல்ட்ரிக்ஸ் இரண்டிலும் பகிர்ந்த நூலகம் இல்லை. தொழில்நுட்பம் எங்கே மலிவோ அங்கேதான் முதலில் வரும் என்று கொள்ள இந்த எண்கள் இடம் தரவில்லை.

அடுத்த எண் 2,048. நூலகம் நினைவகத்தில் ஏறிய இடத்துக்கு ஏற்ப அதன் கட்டளைகளுக்குள் இருக்கும் 4 பைட் முகவரி ஒன்றைத் திருத்தினால், சன்-3-இல் அந்தப் பக்கம் முழுவதும், 8,192 பைட், அந்த நிரலுக்குத் தனி நகலாகிவிடும். எழுதியதைப் போல் 2,048 மடங்கு செலவு. நாம் எடுத்துக்கொண்ட 240 கிலோபைட்டில் 30 பக்கங்கள். பக்கத்துக்கு ஒரு திருத்தம் இருந்தாலே 30 பக்கங்களும் தனிநகல்கள். 10 நிரல்களுக்கு 300 பக்கங்கள், நினைவகத்தில் 58.6%. பகிர்வு பெயரளவில்தான் மிஞ்சும். ராபர்ட் ஜிங்கெல் உள்ளிட்ட நால்வர் 1987-இல் யூசெனிக்ஸ் மாநாட்டில் விவரித்து, 1988-இல் சன்ஓஎஸ் 4.0-இல் வெளியான அமைப்பு இந்த 300-ஐப் பூச்சியத்துக்குக் கொண்டுவர முயன்றது. எந்த முகவரியில் ஏறினாலும் திருத்தமின்றி ஓடும் கட்டளைகள் அதன் அடிப்படை. மாறக்கூடிய முகவரிகள் அனைத்தும் தனி அட்டவணை ஒன்றுக்கு ஒதுங்கின. இந்த வடிவமைப்பின் மிகச் சிறந்த முடிவு இதுவே என்பது என் கருத்து.

அந்த முடிவுக்கும் விலை உண்டு. இன்டெல் 386-இல் பொதுப் பதிவகங்கள் 8. அடுக்குச் சுட்டியை நீக்கினால் 7. அட்டவணையின் முகவரிக்கு ஒன்றை ஒதுக்கினால் 6, அதாவது 14.3% குறைவு. ஸ்பார்க்கில் ஜிசிசி தொகுப்பியின் சிறிய வகை அட்டவணைக்கு வரம்பு 8 கிலோபைட், 4 பைட் வீதம் 2,048 பதிவுகள். மோட்டரோலா 68000 வரிசையில் 32 கிலோபைட், 8,192 பதிவுகள். வரம்பைத் தாண்டினால் ஸ்பார்க்கில் ஒரு முகவரியைப் படிக்க 1 கட்டளைக்குப் பதில் 3, அதாவது 4 பைட்டுக்குப் பதில் 12.

இந்த விலையைத் தராமல் தப்பிக்க ஒரு வழி இருந்தது: நூலகத்துக்கு நிலையான முகவரி. சிஸ்டம் வி வெளியீடு 3 அதைத்தான் செய்தது. ஜேம்ஸ் ஆர்னால்ட் 1986-இல் அதை விவரித்தார். ஓடும் நேரத்தில் திருத்தம் பூச்சியம், பதிவக இழப்பும் பூச்சியம். லினக்ஸும் தொடக்க ஆண்டுகளில் இதே வழியில் சென்றது. சி நூலகம் சரியாக 1.5 ஜிகாபைட் முகவரியில் அமர்ந்தது. பயனர் வெளியின் எல்லை 3 ஜிகாபைட். இடையிலுள்ள 1.5 ஜிகாபைட் முழுவதையும் நூலகத்துக்கு 4 மெகாபைட் வீதம் பங்கிட்டாலும் 384 இடங்கள்தான். ஒரே இடத்தை இருவர் எடுத்துவிடாமல் இருக்கப் பதிவேடு வேண்டும். புதிய பதிப்பு பழைய நுழைவு முகவரிகளைக் காக்க வேண்டும். ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வளரவும் கூடாது. இயந்திரம் செலவழிக்காததை மனிதர்கள் உழைப்பால் ஈடுகட்டினார்கள். 1995 வாக்கில் லினக்ஸ் எல்ஃப் வடிவத்துக்கு மாறியது. சி நூலகத்தின் எண் 4-இலிருந்து 5 ஆனது. பழைய ஏ.அவுட் வடிவத்துக்கான ஆதரவு இன்டெல் வரிசைக்கான கருவிலிருந்து நீங்கியது 2022-இல், 27 ஆண்டுகள் கழித்து.

எல்ஃபில், வெளியிலிருந்து அழைக்கும் செயற்கூறு ஒன்றுக்கு 386-இல் தாவல் பதிவு 16 பைட், முகவரிப் பதிவு 4 பைட், திருத்தக் குறிப்பு 8 பைட், மொத்தம் 28. 300 செயற்கூறுகளுக்கு 8,400 பைட். அதில் நிரலுக்கு நிரல் மாறுவது முகவரிப் பதிவுகளின் 1,200 பைட் மட்டுமே. 4 கிலோபைட் பக்கம் ஒன்றுக்குள் அடங்கும். 32 பிட் ஸ்பார்க்கில் 12 பைட் தாவல் பதிவும் 12 பைட் குறிப்பும் சேர்ந்து 24. அங்கே தாவல் பதிவையே மாற்றி எழுதுவதால் தனிப்பகுதி 3,600 பைட். அதுவும் ஒரு பக்கமே. பெயர் தேடும் செலவு தனி. தேடும் பெயர்கள் வரிசையில் எட்டாவது நூலகத்தில் இருந்தால் 300 பெயர்களுக்கு 2,400 தேடல்கள். முதல் அழைப்பு வரும்வரை ஒத்திவைத்து, உண்மையில் 60 மட்டுமே அழைக்கப்பட்டால் 480, அதாவது 20%.

பைட்டில் அளக்க முடியாத வரவு ஒன்றும் உண்டு. சன்ஓஎஸ் 4-இன் சி நூலகம் கணினிப் பெயர்களுக்கு என்ஐஎஸ் சேவையையே நம்பியது. இணையத்தின் டிஎன்எஸ் வேண்டியவர்கள் அந்த நூலகத்தையே மறுபடி கட்டி மாற்றினார்கள். மாற்றியது 1 கோப்பு. பலன் பெற்றவை பகிர்வாக இணைத்த நிரல்கள் அத்தனையும், மூலநிரல் கைவசம் இல்லாதவை உட்பட. அந்த 1 கோப்பு கெட்டால் அத்தனையும் நிற்கும் என்பது அதே வரியின் பற்றுப் பக்கம். தொடக்கத்துக்கும் மீட்புக்கும் தேவையான சில நிரல்கள் நிலையாக இணைத்தே விடப்பட்டன.

ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தானே கேட்டு நூலகத்தை ஏற்றும் வசதிக்கு அழைப்புகள் 4: திறக்க டிஎல்ஓப்பன், பெயர் தேட டிஎல்சிம், மூட டிஎல்க்ளோஸ், பிழை அறிய டிஎல்எரர். இவையும் சன்ஓஎஸ்-இலிருந்து வந்தவை. எச்பி-யூஎக்ஸ் எஸ்எச்எல்-லோட் என்ற வேறு அழைப்பை வைத்தது. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் 3 (1990) லோட் என்று வைத்தது. நெக்ஸ்ட் ஆர்எல்டி-லோட் என்று வைத்தது. இவற்றோடு சன்னையும் சேர்த்தால் 4 அமைப்புகள், 4 இடைமுகங்கள். 1994-இல் வந்த பெர்ல் 5 தன் ஏற்றியை இயங்குதளத்துக்கு ஒன்றாக வேறு வேறு கோப்புகளில் எழுத நேர்ந்தது. ஏஐஎக்ஸுக்கான கோப்பு, லோட் அழைப்பின் மேல் டிஎல்ஓப்பனைப் புதிதாகக் கட்டிக்கொண்டது. அந்த 4 அழைப்புகளும் போசிக்ஸ் தரத்துக்குள் வந்த ஆண்டு 2001, சன்ஓஎஸ் 4.0 வெளியாகி 13 ஆண்டுகள்.