தாய்க்குழாயும் கிளைக்குழாயும்

சர்க்கரை ஆலையிலோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலோ நுழைந்தவுடன் நம் கண்ணிற் படுவது குழாய்க் கூட்டமே. அவற்றுள் பெரியதை அங்குள்ளோர் ஹெட்டர் என்பர். நாம் தாய்க்குழாய் என்போம். அதிலிருந்து கிளை பிரிப்பது எளிய வேலைபோலத் தோன்றும். துளையிட்டு வேறொரு குழாயை வெல்டிங் செய்தால் தீர்ந்தது என்று நேயர்கள் எண்ணக்கூடும். சிக்கல் அத்துளையில்தான் இருக்கிறது.

அழுத்தத்தோடு செல்லும் நீராவி, குழாயின் சுவரை எந்நேரமும் விரிக்க முயல்கிறது. பீப்பாயை இரும்பு வளையம் இறுக்கிப் பிடிப்பதுபோலச் சுவரின் உலோகம் அவ்விசையைத் தாங்கி நிற்கிறது. துளையிடும்போது அவ்வளையத்தின் ஒரு பகுதியை நாமே வெட்டியெறிகிறோம். அப்பகுதி சுமந்த பாரம் துளையின் ஓரங்களிற் குவிகிறது. ஆகவே இழந்த உலோகத்திற்கு ஈடான உலோகம் துளையை அடுத்தே இருத்தல் வேண்டும். தொலைவில் எவ்வளவு இருந்தும் பயனில்லை. சுவர் தேவைக்கு மேல் தடித்திருப்பின், துளையருகே உள்ள அம்மிகுதியையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளலாம்.

குறைந்த அழுத்தமுள்ள குளிர்நீர்க் குழாய்க்கு அம்மிகுதியே பெரும்பாலும் போதும். கிளையை நேரே பற்றவைக்கலாம். போதாவிடில், துளையைச் சுற்றிச் சேணம்போல் வளைத்த தகடொன்றைச் சேர்ப்பர். அத்தகட்டில் ஒரு சிறு துளை இருக்கும். வெல்டிங் வெப்பத்தில் விரியும் காற்று அதன்வழியே வெளியேறும். பின்னர்ச் சோதிக்கையில் கசிவையும் அதுவே காட்டிக்கொடுக்கும். இதனைத் தொழிலாளியின் பிழையென்று கருதி முன்கூட்டியே அடைத்துவிடும் மேற்பார்வையாளரும் உண்டு! ஆனால் மிகுந்த வெப்பம் ஏறி இறங்கும் இடத்திற்குத் தகடு ஏற்றதன்று. தகடும் குழாயும் ஒரே வேகத்திற் சூடேறுவதில்லையாதலால் அவற்றின் இணைப்பு நலியும்.

300 மில்லிமீட்டர் தாய்க்குழாயிலிருந்து 50 மில்லிமீட்டர் கிளை பிரிப்பதாயின் வெல்டோலெட் எனும் தடித்த உறுப்பு நன்று. ஈடான உலோகம் அதனுள்ளேயே அமைந்திருக்கிறது. கிளை பெரிதாகப் பெரிதாக வெல்டிங்கும் பெருகும். அது குளிர்ந்து சுருங்கும்போது தாய்க்குழாயே வளைந்துவிடக்கூடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவினவாயின் டீ என்னும் முக்கிளை உறுப்பையே நாம் தேர்வோம். மூன்று இணைப்புகள் தேவைப்படுவதாற் செலவு கூடும். எனினும் அம்மூன்றையும் எக்ஸ்-ரே படமெடுத்துச் சோதிக்கலாம். சேண வடிவான இணைப்பை அவ்வாறு படமெடுப்பது அரிது. கொதிகலனோடு சேர்ந்த நீராவிக் குழாய்களுக்கு வரைபட ஒப்புதல் வேண்டுமென்று நம் நாட்டில் 1950-ஆம் ஆண்டின் கொதிகலன் ஒழுங்குவிதிகள் வகுத்தன.

நீராவிக் கிளையைத் தாய்க்குழாயின் மேற்புறத்திலிருந்தே பிரித்தல் வேண்டும். அடியிற் பிரித்தால், குளிர்ந்து தேங்கிய நீரும் உடன் புகுந்துவிடும்.

அழுத்தத்தைவிட அதிர்வே சிறு கிளைகளுக்குப் பெரும் பகை. கம்ப்ரஸருக்கு அருகே 20 மில்லிமீட்டர் கிளையின் நுனியிற் கனத்த வால்வு தொங்கினால், ஓயாத ஆட்டத்தால் அடியில் வெடிப்பு உண்டாகும். உள்ளே செல்வது எரிவாயுவாயின் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. கிளையைக் குட்டையாக வைத்துத் தாங்கியும் கொடுக்க வேண்டும். அத்தாங்கியைத் தரையில் ஊன்றாமல் தாய்க்குழாயிலேயே பொருத்துதல் முறை. சூடேறித் தாய்க்குழாய் நகரும்போது கிளையும் உடன் நகரும்.