நாசிக்கா, நந்தி ஹில்ஸா? ஒயின் ட்ரிப் பட்ஜெட்டை லீவு நாளிலிருந்து போடுங்க

லாங் வீக்கெண்ட் வந்தாலே ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் கிளம்புற பிளான்களில் இப்போ ஒயின் யார்டு டூரும் ஒண்ணு. நம்ம ஊரிலிருந்து போக ரெண்டு இடம்தான் முக்கியமா பேசப்படுது. ஒண்ணு மகாராஷ்டிராவின் நாசிக், இன்னொண்ணு பெங்களூரு பக்கத்து நந்தி ஹில்ஸ். எது சீப் என்பதை டிக்கெட் விலையை மட்டும் பார்த்து முடிவு பண்ணக் கூடாது. எத்தனை நாள் கையில் இருக்கு, வண்டி யார் ஓட்டுறாங்க என்ற ரெண்டு கேள்விக்கும் முதலில் பதில் வேணும்.

ரெண்டு இடமும் எப்படி?

நந்தி மலை அடிவாரத்தில், தொட்டபள்ளாப்பூர் பக்கம், 1988ல் தொடங்கின குரோவர் தோட்டம் இருக்கு. பெங்களூருவிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம். சுலாவோட கர்நாடகா இடம் மைசூரு ரோட்டில் சென்னபட்டணாவில் இருக்கு. அது அப்படியே எதிர்த் திசை, அதனால் ரெண்டையும் ஒரே நாளில் திணிக்காதீங்க.

நாசிக் வேற லெவல். 1999ல் தொடங்கின சுலா, பக்கத்திலேயே யார்க், சோமா, திண்டோரியில் ஷாண்டோன்னு ஒரே மாவட்டத்தில் பல தோட்டங்கள். வீட்டுப் பெரியவங்க கூட வந்தா திரியம்பகேஸ்வர் சுமார் 30 கி.மீ., ஷீரடி சுமார் 90 கி.மீ. தூரம்தான்.

லீவு ஃப்ரீ இல்லை

மாசம் கைக்கு 50,000 ரூபாய் வருது, 22 வேலை நாள்னு வைங்க. ஒரு நாளின் மதிப்பு சுமார் 2,270 ரூபாய். எடுக்காத லீவுக்குக் காசு தர்ற கம்பெனின்னா இதில் ஒரு பகுதி நிஜமாவே உங்க பணம். அதனால் ட்ரிப் செலவில் இதையும் ஒரு வரியா எழுதுங்க.

சென்னையிலிருந்து வெள்ளி ராத்திரி ரயில் ஏறினா சனிக்கிழமை தோட்டம், ஞாயிறு வீடு. லீவே வேண்டாம். நாசிக்குன்னா மும்பை வரை ஃப்ளைட், அங்கிருந்து சுமார் 170 கி.மீ. ரோடு அல்லது ரயில். போக அரை நாளுக்கு மேல், வரவும் அப்படியே.

இங்கதான் கணக்கு மாறுது. உதாரணத்துக்கு, ரெண்டு நாள் நாசிக் ட்ரிப் தலைக்கு 18,000 ரூபாய், மூணு நாள்னா 22,000 ரூபாய்னு வைங்க. ரெண்டு நாளில் அங்கே ஊர் சுற்றக் கிடைக்கிறது ஒரு முழு நாள்தான். மூணு நாளில் ரெண்டு முழு நாள் கிடைக்கும், அதாவது நாளுக்கு 11,000 ரூபாய். ஒரு நாள் லீவு மதிப்பைச் சேர்த்தாலும் சுமார் 12,100தான். போக்குவரத்துச் செலவு ரெண்டுக்கும் ஒண்ணுதானே! நாளைக் குறைச்சா மிச்சமாகும்னு தோணும், ஆனா நாசிக் விஷயத்தில் அது நேர் எதிர்.

ரூம் போடும்போது 7,500ஐப் பாருங்க

ஒரு ராத்திரி வாடகை 7,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. 5%, அதைத் தாண்டினா 18%. 7,500 ரூபாய் ரூமுக்கு மொத்தம் 7,875. 7,600 ரூபாய் ரூமுக்கு 8,968. வாடகையில் நூறு ரூபாய் வித்தியாசம், பில்லில் 1,093 ரூபாய்! தோட்டத்துக்குள்ளேயே இருக்கிற ரிசார்ட்டுகள் சனிக்கிழமை இந்தக் கோட்டைச் சுலபமாத் தாண்டும். நாசிக் டவுனில் தங்கி, பகலில் தோட்டத்துக்குப் போய் வந்தா பெரிய மிச்சம். 2027ல் நாசிக் கும்பமேளா வேற வருது, அந்தச் சமயத்தில் ரூம் கிடைக்கிறதே கஷ்டம்.

எப்போ போகணும்?

மழையில் பழுத்தா பூஞ்சை வரும் என்பதால், நாசிக்கில் அக்டோபர் வாக்கில் கவாத்து பண்ணி, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை பண்றாங்க. கொத்துக் கொத்தா திராட்சை பார்க்கணும்னா அப்போதான். விலையும் அப்போதான் அதிகம், அதனால் அந்த மாசங்களில் வார நாளில் போங்க. அக்டோபர் கடைசியில் போனா வெட்டின கொடிதான் இருக்கும்.

வண்டி யார் ஓட்டுறாங்க?

டேஸ்டிங்கில் கொடுக்கிறது கொஞ்சம்தான்னு நினைப்போம். அஞ்சாறு வகை சேர்ந்தா கணக்கு ஏறிடும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினா குற்றம். முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாசம் வரை சிறை, அல்லது ரெண்டுமே. ஆக்சிடென்ட் ஆனா உங்க கார் டேமேஜுக்கான கிளெய்மை இன்ஷூரன்ஸ் கம்பெனி நிராகரிக்கலாம். பணத்தை விடுங்க, நந்தி ஹில்ஸிலிருந்து திரும்புறது வேகமான ஹைவே, ரோட்டில் அடுத்தவங்க உயிரும் இருக்கு. நாலு பேர் சேர்ந்து டிரைவரோட கேப் எடுத்துடுங்க. பட்ஜெட்டில் எதை வெட்டினாலும் இந்த வரியை வெட்டாதீங்க.

அப்போ எது?

லீவு இல்லை, முதல் தடவை, ஒயின் பிடிக்குமான்னே தெரியலை: நந்தி ஹில்ஸ். மூணு நாள் இருக்கு, பல தோட்டம் பார்க்கணும், இல்லைன்னா அப்பா அம்மாவும் வர்றாங்க: நாசிக். மூணு நாள் கிடைக்கலையா? நாசிக்கை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி, இப்பவே மாசம் 2,000 ரூபாய் ஆர்.டி. போடுங்க. 12 மாசத்தில் 24,000 ரூபாய், அதுக்கு மேல வட்டி. கிரெடிட் கார்டு இ.எம்.ஐ. இல்லாமலே ட்ரிப் ரெடி.