கையெழுத்து யாருடையது?

ஆடி மாதம், நடவு நேரம். இரவு எட்டு மணி இருக்கும். எங்களுக்குப் பழக்கமான ஒரு காலனியிலிருந்து போன் வந்தது. "அக்கா, அண்ணிக்கு ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அண்ணி சொல்லுது. பயமா இருக்குக்கா." பேசியது கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பெண். உடனே 108-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு, நாங்கள் இரண்டு பேர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

அன்றிரவு அந்தச் சகோதரியின் உயிர் பிழைத்தது. மூன்று நாள் கழித்து, மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, நடந்ததை அவரே சொன்னார். பெயரும் ஊரும் வேண்டாம். நடந்தது மட்டும் போதும்.

இரண்டு பிள்ளைகள். கணவர் பெங்களூரில் கட்டட வேலை. நாள் தள்ளிப் போனதும் பக்கத்து நகரத்து அரசு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். "புருஷன் கையெழுத்து வேணும், கூட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நடவுக் கூலி ஒரு நாள் போனது. அடுத்த வாரம் மாமியாரை அழைத்துப் போனார். மாமியார் கையெழுத்து செல்லாது என்றார்கள். இன்னொரு நாள் கூலி போனது. மூன்றாவது முறை வேறொரு நிபந்தனை வந்தது. "ரெண்டு புள்ளதான் இருக்கே, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் சேர்த்து ஒத்துக்கிட்டாத்தான் அட்மிஷன்." ஆபரேஷன் செய்தால் பல நாள் குனிந்து நிமிர முடியாது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று தயங்கியிருக்கிறார். வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி ஒருவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. அவர் அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. தெரிந்த ஒருவர் மூலம் கடையில் மாத்திரை வாங்கி, யாருக்கும் சொல்லாமல் விழுங்கிவிட்டார். அப்போது மூன்று மாதம் நெருங்கியிருந்தது.

"கையெழுத்துன்னா நானே போட்டிருப்பனே. நான் எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன்" என்றார்.

சட்டம் கேட்பதும் அவருடைய கையெழுத்து ஒன்றைத்தான்.

சட்டம் சொல்வது என்ன?

நம் ஊரில் பலர் கருக்கலைப்பு என்றாலே குற்றம் என்று நினைக்கிறார்கள். படித்த மாணவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். மருத்துவமனைச் சுவர்களில் பார்க்கும் எச்சரிக்கைப் பலகை இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். அந்தப் பலகை 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றியது. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதும் சொல்வதும் அதன்படி குற்றம். கருக்கலைப்புக்கான சட்டம் வேறு. அது 1971-இல் இயற்றப்பட்டு, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மருத்துவ ரீதியிலான கருக்கலைப்புச் சட்டம். 2021-இல் அது திருத்தப்பட்டது.

இன்றைய நிலை இது. 20 வாரம் வரை தகுதி பெற்ற ஒரு மருத்துவரின் கருத்து போதும். பெண்ணின் உயிருக்கோ, உடல் நலத்துக்கோ, மன நலத்துக்கோ கேடு என்றால் கலைக்கலாம். கருத்தடை முறை பலிக்காமல் கரு உண்டாகியிருந்தால் அதனால் வரும் வேதனையையே மன நலக் கேடாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. 20-லிருந்து 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். வன்புணர்வுக்கு ஆளானவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள், கர்ப்ப காலத்தில் கணவனை இழந்தவர்கள், மணமுறிவு பெற்றவர்கள், மாற்றுத்திறனாளிகள் முதலானோர் இந்தப் பிரிவில் வருகிறார்கள். 24 வாரத்துக்குப் பிறகு கருவில் கடுமையான குறைபாடு இருந்தால் மருத்துவ வாரியம் முடிவு செய்யும். பெண்ணின் உயிரைக் காப்பாற்ற உடனே செய்தாக வேண்டிய நிலை என்றால் இந்த வாரக் கணக்கு எதுவும் தடையில்லை.

ஒப்புதல் யாருடையது? 18 வயது நிரம்பிய பெண் என்றால் அவருடைய ஒப்புதல் மட்டும். கணவன், மாமியார், அப்பா, அண்ணன் எவருடைய கையெழுத்தையும் சட்டம் கேட்கவில்லை. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் மனநோய் உள்ளவர்களுக்கும் மட்டும்தான் பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டால்தான் கலைப்போம் என்ற நிபந்தனை சட்டத்தில் எங்கேயும் இல்லை. பெண்ணின் பெயரையும் விவரங்களையும் சட்டம் அனுமதிக்காத எவரிடமும் வெளியிடக் கூடாது. வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை என்று 2021 திருத்தம் சொல்கிறது.

திருமணமாகாத பெண்கள் பற்றியும் தெளிவு வந்துவிட்டது. திருத்தத்தில் 'கணவர்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'துணைவர்' என்ற சொல் வந்தது. 2022 செப்டம்பர் 29 அன்று நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு, 20 முதல் 24 வாரம் வரையிலான உரிமை திருமணமாகாத பெண்களுக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. கணவனே வல்லுறவு செய்து கரு உண்டானாலும், இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு அது வன்புணர்வுதான் என்றும் சொன்னது. சட்டத்தில் இல்லாத ஒப்புதல்களையும் சான்றுகளையும் மருத்துவமனைகள் கேட்பதை அதே தீர்ப்பு கண்டித்தது. நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த வரிசையில் நின்ற சகோதரிக்கு எட்டவில்லை. அவரைத் திருப்பி அனுப்பியவர்களுக்கும் எட்டவில்லை.

எங்கிருந்து வந்தது இந்தச் சட்டம்?

வெள்ளையர் 1860-இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டம் கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. பெண்ணின் உயிரைக் காக்கச் செய்வது மட்டுமே விதிவிலக்கு. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அதில் குற்றவாளி. அந்தப் பிரிவு இன்றும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-ஆம் பிரிவாக உயிரோடு இருக்கிறது. 1964-இல் சாந்திலால் ஷா தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கையைத் தொடர்ந்து 1971 சட்டம் பிறந்தது. அதாவது, குற்றம் அப்படியே இருக்கிறது. மருத்துவர் 'சரி' என்றால் விலக்கு. பெண் கேட்டால் கிடைக்கும் உரிமையாக அது எழுதப்படவில்லை. இந்தச் சட்டத்தின் பெரிய குறை இதுதான் என்று நாங்கள் கருதுகிறோம். நல்ல மருத்துவர் வாய்த்தால் உரிமை, இல்லாவிட்டால் அலைச்சல்.

அந்தக் காலத்தில் அரசின் கவலை மக்கள்தொகை. ஏழைகள் எத்தனை பெறுகிறார்கள் என்று எண்ணினார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் ஏறத்தாழ 58 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் ஆபரேஷன் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. பாரம் யார் தலையில் என்பதற்கு வேறு கணக்கு வேண்டியதில்லை.

ஆனால் நம் தலைவர்கள் இதை வேறு விதமாகப் பார்த்தார்கள். 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில், அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சி, கருத்தடை வசதிகளை அரசே மக்களுக்குத் தர வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தது. அம்பேத்கர் எழுதிய உரையை அவர் கட்சி உறுப்பினர் பி.ஜே. ரோஹம் சபையில் வாசித்தார். தீர்மானம் தோற்றது. தமிழ்நாட்டில் பெரியார் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கர்ப்பத்தடைக்கென்று தனியாக ஒரு கட்டுரையே எழுதினார். நாட்டின் பொருளாதாரத்துக்காக என்று மற்றவர்கள் பேசியபோது, பெண்ணின் விடுதலைக்காக என்று பேசியவர் அவர். கருத்தடைக்கு அவர்கள் வைத்த வாதம் கருக்கலைப்புக்கும் பொருந்தும். பெண்ணின் உடல் பெண்ணுடையது என்று ஒப்புக்கொண்ட பிறகு, கையெழுத்தை வேறொருவரிடம் கேட்க முடியாது.

நம் பெண்களுக்கு மட்டும் ஏன் தூரம்?

சட்டத்தில் சாதி இல்லை. வழியில் இருக்கிறது. வசதி உள்ள வீட்டுப் பெண் நகரத்துத் தனியார் மருத்துவமனைக்குக் காரில் போய் மாலையில் திரும்பிவிடுவார். நம் பெண்ணுக்கு முதலில் பஸ், பிறகு டோக்கன், பிறகு வரிசை, பிறகு "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்ற கேள்வி. தெருவைச் சொன்னதும் பேச்சு ஒருமைக்கு மாறுவதை எங்கள் காதால் கேட்டிருக்கிறோம். ஒவ்வொரு முறை திருப்பி அனுப்பும்போதும் ஒரு வாரம் ஓடுகிறது. கரு வாரக் கணக்கில் வளர்கிறது, சட்டமும் வாரக் கணக்கில்தான் பேசுகிறது. கூலிக்காரிக்கு இழக்க வாரம் இல்லை.

இன்னொரு அச்சமும் உண்டு. கர்ப்பம் என்றதும் 'பிக்மி' எண் பதிய வேண்டும். கிராம செவிலியர் வீட்டுக்கு வருவார். தாய்மார்களின் நலத்துக்காக வந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் சிறிய காலனியில் பதிவானது பத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். "எண் போட்டாச்சே, குழந்தை எங்கே?" என்ற கேள்விக்குப் பயந்து தொடக்கத்திலேயே ஒளிந்துகொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இப்படி ஒளிகிறவர்கள் எங்கே போகிறார்கள்? தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் களஆய்வு செய்து 'லான்செட்' குழும மருத்துவ இதழில் வெளியிடப்பட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. 2015-இல் இந்தியாவில் ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்தன. அவற்றில் நான்கில் ஒரு பங்குகூட மருத்துவமனைகளில் நடக்கவில்லை. பெரும்பாலானவை வெளியில் வாங்கிய மாத்திரைகளால் நடந்தவை. மாத்திரை கெட்டதல்ல. ஒன்பது வாரத்துக்குள், மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் பாதுகாப்பானது. எத்தனை வாரம் என்று பார்க்காமல், கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்று தெரியாமல், ரத்தசோகை உள்ள உடம்பு தனியாக விழுங்கும்போதுதான் ஆபத்து.

பதினெட்டு வயதுக்குக் கீழே

சிறுமிகள் விஷயத்தில் நிலைமை இன்னும் கடினம். 18 வயதுக்குக் குறைந்தவர் கருவுற்றிருந்தால் போக்சோ சட்டப்படி மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும். போலீஸ் என்றதும் குடும்பம் போலி மருத்துவரிடம் ஓடுகிறது. இதற்கும் 2022 தீர்ப்பு வழி சொல்லியிருக்கிறது. சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், தகவல் தரும்போது பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை.

ஆதிக்கச் சாதியினரின் பாலியல் வன்முறையால் கரு உண்டாகியிருந்தால், நாம் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்ய வேண்டும். சிகிச்சைக்குத் தாமதம் கூடாது. பாதிக்கப்பட்டவருக்கு அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் உடனே இலவசச் சிகிச்சை தர வேண்டும். மறுப்பது குற்றம். அதோடு, கருவின் திசு மாதிரியை மரபணுச் சோதனைக்காக முறைப்படி எடுத்து வைக்கும்படி எழுத்து மூலம் கேட்க வேண்டும். வன்கொடுமை வழக்கில் அது முக்கியமான சான்று. "முதல்ல கலைச்சிரலாம், கேஸ் அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னால், யாரைக் காப்பாற்றச் சொல்கிறார்கள் என்று யோசியுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

கணவன் கையெழுத்து கேட்டால், "எந்த விதியில் இருக்கிறது? மறுப்பதை எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பேச்சு மாறியதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். தனியாகப் போகாதீர்கள். படித்த பிள்ளை ஒருவர் கூடப் போங்கள். ஆலோசனைக்கு 104, பெண்களுக்கு 181, சிறுமிகளுக்கு 1098. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், எல்லாப் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கு 15100. கடையில் வாங்கிய மாத்திரையே ஆனாலும், ரத்தம் நிற்காமல் ஒரு மணிக்கு இரண்டு நாப்கின் நனைந்தால், காய்ச்சல் வந்தால், மயக்கம் வந்தால் வெட்கப்படாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அரசிடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும், கருவின் பாலினம் பார்ப்பது குற்றம் என்ற பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வையுங்கள். 'பெண்ணின் ஒப்புதல் மட்டும் போதும்' என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். எந்த மருத்துவமனையில், எந்த நாளில் இந்தச் சேவை கிடைக்கும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒட்டுங்கள். ஆபரேஷனை நிபந்தனையாக வைப்பதைச் சுற்றறிக்கை போட்டு நிறுத்துங்கள்.

அந்தச் சகோதரி இப்போது வேலைக்குப் போகிறார். போன மாதம் அதே காலனியில் நாங்கள் நடத்திய கூட்டத்துக்கு வந்திருந்தார். ஒப்புதல் படிவம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் காட்டினோம். கையில் வாங்கி மெதுவாகப் படித்தார். "கையெழுத்து போடுற இடம் ஒண்ணுதான் இருக்குது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார்.