பால் காணுதோ என்று துணியில் பார்க்கலாம்

அப்பத்துக்கு மா புளிக்கவைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பச்சைப்பிள்ளையின் குடலைப் புரியவைப்பது சுலபம். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் நாளைக்கு அப்பம் என்றால் இன்று பின்நேரமே வேலை தொடங்கிவிடும். பச்சையரிசியை ஊறப்போட்டு இடித்து அரித்து, அரிதட்டில் மிஞ்சிய கப்பியைக் காய்ச்சி ஆறவிட்டு மாவோடு சேர்ப்பார்கள். தவறணையில் வாங்கிவந்த கள்ளைக் கொஞ்சம் விட்டுக் குழைத்து மூடிவைப்பார்கள். விடியப்புறம் மூடியைத் திறந்தால் மா பொங்கிக் குமிழி விட்டிருக்கும். இனிப்பும் புளிப்பும் கலந்த ஒரு மணம் அடிக்கும். இராத்திரி முழுக்க வேலை பார்த்தவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். துப்புரவான பானை, அதில் விட்ட புளிப்பு, புளிப்புக்குத் தீனியான கப்பி, ஊரின் வெக்கை என்ற நான்கும் பொருந்தினால் மா தானாகப் பதத்துக்கு வரும்.

பிறந்த முதல் வாரத்தில் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் வயிற்றில் நடப்பதும் இதுதான். துணியில் நாளுக்கு நாள் மாறும் நிறமும் பதமும் மணமும் அந்தப் பானைக்குள் வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று சொல்கின்றன. இதை வாசிக்கத் தெரிந்த வீட்டில் தேவையில்லாத ஒரு பயம் குறையும். அந்தப் பயத்துக்கு எங்கள் ஊரில் ஒரே வசனம்தான்: "பால் காணாது போல கிடக்கு பிள்ளை, ஒரு ரின் வாங்கி வைப்பமே?" மூன்றாம் நாள் இராத்திரி பிள்ளை விடாமல் அழும்போது அம்மம்மா இதைச் சொல்லுவா. அன்பால் சொல்வதுதான். ஆனால் பால்மா ரின் திறபட்ட பிறகு பிள்ளை முலையில் உறிஞ்சுவது குறையும். உறிஞ்சுவது குறைந்தால் பால் சுரப்பதும் குறையும். கடைசியில் பால் உண்மையாகவே காணாமல் போய்விடும். ஆகவே ரின்னைத் தேடுவதற்கு முன்னர் துணியைப் பார்க்க வேண்டும்.

முதலில் பானை வெறுமையாக வேண்டும். கருப்பையில் இருந்த மாதங்களில் பிள்ளை பன்னீர்க்குட நீரை விழுங்கிக்கொண்டே இருந்தது. அந்த நீரில் உதிர்ந்த தோற்கலங்கள், உடலில் இருந்த பூனைமயிர், குடலின் சளி, ஈரலில் இருந்து வந்த பித்தம் எல்லாம் ஒன்றாய்த் திரண்டு குடலில் கிடக்கும். பிறந்த பிறகு முதலில் வெளியேறுவது அதுதான். கறுப்பாய்த் தெரியும் கரும்பச்சை நிறம், பிசுபிசுப்பு, மணம் இல்லை. மணம் இல்லாததற்குக் காரணம், அழுகவோ புளிக்கவோ வைக்கும் பற்றீரியாக்கள் அங்கே இன்னும் குடியேறவில்லை. துடைத்தால் இலேசில் போகாது. பிட்டத்தில் முன்கூட்டியே கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டால் சுலபமாகக் கழன்று வரும்.

மாதம் நிறைந்து பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலானவை முதல் 24 மணித்தியாலத்துக்குள் இதைக் கழித்துவிடும். 48 மணித்தியாலம் ஆகியும் ஒன்றும் வராவிட்டால் வைத்தியர் கட்டாயம் பார்க்க வேண்டும். குடலின் கடைசிப் பகுதியில் நரம்புக்கலங்கள் இல்லாமல் பிறக்கும் பிள்ளைகள் மிகச் சிலர் உண்டு. டென்மார்க்கின் பிள்ளைநல வைத்தியர் ஹரால்ட் ஹேர்ஷ்ஸ்ப்ருங் 1886இல் விவரித்த அந்த நோய்க்கு முதல் அடையாளமே இந்தத் தாமதம்தான்.

பானையைக் கழுவித் தருவது கடும்புப்பால். முதல் நாளில் சில தேக்கரண்டி அளவுக்குத்தான் வரும். அந்த மஞ்சள் நிறத் தடித்த பாலைப் பார்த்து "இது பழம்பால்" என்று பீச்சி ஊற்றிய காலமும் இருந்தது. நோயெதிர்ப்புப் பொருட்கள் மிகச் செறிவாக இருப்பது அதில்தான். குடலை இளக்கும் தன்மையும் அதற்கு உண்டு. வேளைக்கு வேளை குடிக்கும் ஒவ்வொரு சொட்டும் கறுப்பை முன்னே தள்ளுகிறது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கறுப்பு மலத்தில் பிலிருபின் என்ற பித்தநிறப்பொருள் நிறைய இருக்கிறது. குடலில் அது நெடுநேரம் தேங்கினால் திரும்ப இரத்தத்துக்குள் ஏறிப் பிள்ளையின் செங்கமாரியைக் கூட்டும். அடிக்கடி குடித்து அடிக்கடி கழிக்கும் பிள்ளைக்கு மஞ்சள் குறைவாகவே ஏறும். காலை வெயிலில் பிள்ளையைப் பிடிப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். மஞ்சள் கூடின பிள்ளைக்கு ஆசுபத்திரியின் நீல விளக்குச் சிகிச்சைக்கு அது ஈடாகாது.

இரண்டாம், மூன்றாம் நாட்களில் கறுப்பு பச்சையாகி, பச்சை கபிலமாகி, பிசுபிசுப்புக் கழன்று இளகும். நாலாம் ஐந்தாம் நாளில் மஞ்சள் வந்துவிட வேண்டும். தண்ணியாக, இடையிடையே வெள்ளைத் துணுக்குகளோடு வரும். அவை சமிக்காமல் மிஞ்சிய பால்கொழுப்பும் கல்சியமும் சேர்ந்தவை. நோயின் அறிகுறி அல்ல. ஐந்தாம் நாளிலும் துணியில் கறுப்பே வருகிறது என்றால் மேலிருந்து போதிய பால் உள்ளே போகவில்லை என்று பொருள். அப்போதும் அவசரப்பட்டு ரின்னுக்குப் போக வேண்டியதில்லை. பிள்ளை முலைக்காம்பை மட்டும் பிடிக்கிறதா, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்து வாய் நிறையப் பிடிக்கிறதா என்று அன்றைக்கே ஒருவர் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும்.

ஏன் மஞ்சள்? பித்தத்தின் இயல்பான நிறமே அதுதான். பெரியவர்களின் குடலில் பற்றீரியாக்கள் அந்தப் பித்தநிறத்தை உடைத்துக் கபிலமாக்கிவிடுகின்றன. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளையின் குடலில் அந்த வேலையைச் செய்யும் இனங்கள் இன்னும் போதிய அளவில் வந்துசேரவில்லை. ஆகவே பித்தம் வந்த நிறத்திலேயே போகிறது. சில வேளை பச்சையாக இருக்கும்; பால் விரைவாகக் குடலைக் கடந்தால் அப்படி ஆகலாம். பிள்ளை தெம்பாகக் குடித்து, நிறை ஏறிக்கொண்டிருந்தால் பச்சையைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். "தாய் கண்டதையும் தின்றதால்தான் பச்சை" என்று பிள்ளை பெற்றவளின் சாப்பாட்டைக் குறைப்பது அநியாயம். பால் தாயின் இரத்தத்தில் இருந்து சுரக்கிறது. கறிச்சட்டியில் இருந்து நேரே வடிவதில்லை. பத்தியக்கறியும் சுறாப்புட்டும் முருங்கையிலையும் அவளுக்கு நல்ல சாப்பாடு. அவை வயிறு நிறையக் கிடைக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

இனிப் புளிப்புக்கு வருவோம். எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. பிறக்கும்போது குடலில் அநேகமாக எந்த நுண்ணுயிரும் இல்லை. தாயின் உடலில் இருந்து, பிறக்கும் வழியிலும் மார்போடு அணைக்கும்போதும் பாலின் மூலமும், முதல் புளிப்பு பிள்ளைக்கு வருகிறது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ஹென்றி ரிசியே 1899இல் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளின் மலத்தில் கவட்டை வடிவான ஒரு பற்றீரியாவைக் கண்டார். பைஃபிடோபற்றீரியா என்ற அந்தக் கூட்டம்தான் நன்றாகத் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் குடலில் பெரும்பான்மை.

புளிப்பு வந்தால் போதாது, அதற்குத் தீனி வேண்டும். காய்ச்சிய கப்பியை நுண்ணுயிர்கள் பச்சை மாவைவிட எளிதாகப் பற்றிக்கொள்ளும். அதனால்தான் கப்பி சேர்த்த மா நன்றாகப் பொங்குகிறது. தாய்ப்பாலிலும் ஒரு கப்பி இருக்கிறது. தண்ணீரை விட்டுவிட்டுப் பார்த்தால் பாலில் அதிகம் இருப்பது லக்ரோஸ் என்ற பாற்சீனி, அடுத்தது கொழுப்பு. மூன்றாவதாக வருபவை ஒலிகோசக்கரைட்டுகள் என்ற சிக்கலான சீனிகள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வகைகளை இதுவரை பிரித்தறிந்திருக்கிறார்கள். ஒரு லீற்றர் பாலில் ஐந்து முதல் பதினைந்து கிராம் வரை இருக்கும். கடும்புப்பாலில் இன்னும் கூட. வியப்பு என்னவென்றால், இவற்றைச் சமிக்கப் பிள்ளையின் குடலில் நொதியமே இல்லை. தாயின் உடல் தன் சக்தியைச் செலவழித்து உருவாக்கும் இந்தச் சீனி, பிள்ளையைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போய், அங்கே குடியிருக்கும் பைஃபிடோக்களுக்குத் தீனியாகிறது.

அவை உண்டு வெளியேற்றுவது லக்ரிக் அமிலமும் அசெற்றிக் அமிலமும். அப்பமாவில் வரும் புளிப்பு மணம் துணியிலும் மெல்லிதாக வருவது அதனால்தான். புளிப்பு ஏறிய பானையில் கெடுக்கும் கிருமிகள் எளிதில் வளராது, குடலும் அப்படித்தான். வயிற்றோட்டக் கிருமிகளிடம் இருந்து தாய்ப்பால் காக்கும் வழிகளில் இதுவும் ஒன்று. புளிக்கும்போது வாயுவும் வரும் என்பதால் மலம் சத்தத்தோடும் சில வேளை நுரையோடும் வெளியேறும். மணம் திடீரென்று அழுகல் வாடையாக மாறினால் அதைக் கவனிக்க வேண்டும். சிசேரியனில் பிறந்த பிள்ளைகளிடம் பைஃபிடோக்கள் வந்துசேரக் கொஞ்சம் பிந்தும். அவர்களுக்குத் தாய்ப்பால் இன்னும் அவசியம். இந்த நாட்களில் ஓமத் தண்ணீர், சீனித் தண்ணீர், தேன், உரைமருந்து ஒன்றும் வாயில் வைக்கக் கூடாது. புளிக்கிற பானைக்குள் கண்ட தண்ணீரையும் விட யாரும் சம்மதிப்பார்களா?

இனி எண்ணிக்கை. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் மூன்று நாலு தரமாவது மஞ்சள் மலமும், ஆறு தரத்துக்குக் குறையாமல் சிறுநீரும் போனால் பால் காணுகிறது. முதல் நாட்களில் சிறுநீரோடு செம்மஞ்சள் பொடி ஒட்டியிருக்கலாம். அது யூரிக் அமில உப்பு, இரத்தம் அல்ல. நாலாம் நாளுக்குப் பிறகும் அது வந்தால் பால் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு உதவி தேட வேண்டும். பிறந்த நிறையில் பத்தில் ஒரு பங்கு வரை முதல் நாட்களில் குறையலாம். இரண்டு கிழமைக்குள் பழைய நிறை திரும்பிவிட வேண்டும்.

முதல் இரண்டு கிழமையாவது பகலில் பம்பர்ஸை விட்டுப் பழைய வேட்டித் துண்டைக் கட்டுங்கள் என்று சொல்வது இதனால்தான். பம்பர்ஸ் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். எத்தனை தரம் நனைந்தது என்று தெரியாது. மலத்தின் தண்ணீரும் உள்ளே போய்விடுவதால் பதமும் தெரியாது. வெளுத்த பருத்தித்துணி ஒன்றையும் மறைக்காது. தோய்த்துக் கொடியில் போட்டால் யாழ்ப்பாண வெயிலில் ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும்.

வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் அம்மம்மாக்கள் அடிக்கடி கேட்பது இது: "மிஸ், பிள்ளை ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம் இருக்குது. வயித்தாலை போகுதோ?" அனுபவப்பட்டவர் உடனே மறுமொழி சொல்ல மாட்டார். "துணியைக் காட்டுங்கோ அம்மா" என்பார். மஞ்சளாக, புளிப்பு மணத்தோடு, நடுவில் துணுக்கும் சுற்றிலும் ஈரவட்டமுமாக இருந்தால் அது வயிற்றோட்டம் இல்லை. பால் வயிற்றில் விழுந்தவுடன் குடல் அசையத் தொடங்கும். அதனால்தான் குடிக்கக் குடிக்கவே பிள்ளை வெளிக்கு இருக்கிறது. வழக்கத்தைவிடத் திடீரென்று கூடி, வெறும் தண்ணீராகப் போய், பிள்ளை குடிக்க மறுத்துச் சோர்ந்தால் அது வேறு. உடனே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும்.

இந்த அறிவுக்கு எங்கள் பக்கத்தில் பழைய வேர் உண்டு. கொக்குவிலுக்கு மேற்கே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். 1857இல் பிரசவ மருத்துவ நூலொன்றையும் தமிழாக்கி அச்சிட்டார். இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் கொக்குவில் ஆடியபாதம் வீதியில்தான் இருக்கிறது. இலங்கையில் தாய்ப்பால் மாற்றுப் பால்மா விற்பனையைக் கட்டுப்படுத்தும் விதிக்கோவை 1983இலேயே வந்தது. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதமானவை தாய்ப்பால் மட்டுமே குடித்தன. அந்தத் தாய்மாரையும் முதல் வாரத்தில் "காணாது" என்ற சொல் வாட்டியிருக்கும்.

எல்லா நிறங்களிலும் எனக்குப் பயமானது வெள்ளை. மலம் வெளிறி, சாம்பலாக, சுண்ணாம்பு நிறமாக வந்தால் பித்தம் குடலுக்கு வரவில்லை. பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். கூடவே சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விடும். பச்சைப்பிள்ளையின் சிறுநீருக்கு நிறம் இருக்கக் கூடாது. இரண்டு கிழமை தாண்டியும் செங்கமாரி நின்றால் இந்த இரண்டையும் கட்டாயம் பார்க்க வேண்டும். மொரியோ கசாய் என்ற யப்பானிய அறுவைச்சிகிச்சை வைத்தியர் 1950களில் உருவாக்கிய சிகிச்சை பித்தக்குழாய் அடைப்புக்கு உண்டு. பிறந்து அறுபது நாளுக்குள் செய்தால் பலன் கூட. பிந்தப் பிந்த ஈரல் கெட்டுப்போகும். தைவானில் 2004 முதல் ஒவ்வொரு தாயிடமும் மலத்தின் நிறங்கள் அச்சிட்ட அட்டையொன்றைக் கொடுத்து, வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். துணியில் வெளிறிய மலம் கண்டால் கிளினிக் நாள் வரும் வரை காத்திருக்காமல், அந்தத் துணியையும் பையில் போட்டுக்கொண்டு யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். இரத்தம் கண்டாலும், கறுப்பு நின்று மஞ்சள் வந்த பிறகு திரும்பக் கறுப்பு வந்தாலும் அப்படியே. தாயின் காம்பு வெடித்து அந்த இரத்தத்தைப் பிள்ளை விழுங்கியதாகவும் இருக்கலாம். அதை வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும்.

முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்து சில நாட்கள் போனதும் இன்னொரு மாற்றம் வரும். நாளுக்கு ஐந்து தரம் போன பிள்ளை ஒன்றரை மாத அளவில் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தரம்தான் போகும். சில பிள்ளைகள் ஒரு கிழமைகூட எடுக்கும். குடல் முதிர்ந்து, பாலில் கழிவாக மிஞ்சுவது குறைந்துவிட்டது. வயிறு இளகி, பிள்ளை சிரித்துக்கொண்டு, போகும்போது மலமும் இளகிப் போனால் அது மலச்சிக்கல் அல்ல. வெற்றிலைக் காம்பையோ சவர்க்காரத் துண்டையோ பின்புறத்தில் வைக்க வேண்டாம். முதல் மாதத்துக்குள் இப்படி நின்றால் மட்டும் பால் போதுமா என்று நிறையைப் பார்க்க வேண்டும்.

ஆறு மாதம் முடிந்து சோறு தீத்தத் தொடங்கியதும் புதுப் பற்றீரியாக்கள் வந்துசேரும், பித்தநிறம் உடையத் தொடங்கும். மலம் கெட்டியாகிக் கபிலமாகும், மணமும் பெரியவர்களுடையதாகும். முதல் நாள் கொடுத்த கரட்டும் கீரையும் அதே நிறத்தில் மறுநாள் துணியில் தெரியும்.