ஒரு பட்டத்துக்கு எத்தனை சாவி?

கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் இருக்கிற அதே ஆரஞ்சு கவுன்ட்டியில் சைப்ரஸ் கல்லூரி என்று ஓர் அரசுக் கல்லூரி உண்டு. அங்கே ஈமச்சடங்குப் பணியில் இளநிலைப் பட்டம் வாங்கலாம். உடலைப் பதப்படுத்தும் நுட்பம், அதற்குப் பின்னால் உள்ள வேதியியல், தொழிலுக்கான சட்டம், நிர்வாகம் எல்லாம் பாடங்கள். இதற்கெல்லாம் பட்டமா என்று பலர் திகைப்பார்கள். எனக்குத் திகைப்பு வேறு இடத்தில். இப்படி ஒரு படிப்பு வேண்டும் என்று ஓர் ஆசிரியருக்குத் தோன்றுகிற நாளுக்கும், அது கல்லூரிக் கையேட்டில் அச்சாகிற நாளுக்கும் நடுவே நடப்பவை அப்படி.

வங்கி லாக்கரைத் திறக்க நம் சாவி ஒன்று, வங்கி அதிகாரியின் சாவி ஒன்று என்று இரண்டு வேண்டும். புதுப் பட்டப்படிப்பைத் திறக்க எட்டுப் பத்துச் சாவிகள் தேவைப்படுகின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள் கையில் இருக்கிறது.

முதலில், எந்தக் கல்லூரியைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவில் பல்கலைக்கழகத்துக்குக் கீழே ‘சமுதாயக் கல்லூரி’ என்று ஓர் அடுக்கு இருக்கிறது. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901இல் தொடங்கியது இந்த வகையில் மிகப் பழையது. கலிபோர்னியாவில் முதலாவது 1910இல் ஃபிரெஸ்னோவில் வந்தது. இன்று அந்த மாநிலத்தில் மட்டும் 116 கல்லூரிகள், ஏறக்குறைய 20 லட்சம் மாணவர்கள். 18 வயது நிரம்பிய யாரும் சேரலாம். மதிப்பெண் வடிகட்டல் கிடையாது. வழக்கமாக இங்கே கிடைப்பது இரண்டு ஆண்டு ‘இணைப்பட்டம்’. அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகலாம், அல்லது பல்கலைக்கழகத்தில் நேராக மூன்றாம் ஆண்டில் சேரலாம். நம் பக்கத்திலும் 1990களின் நடுவில் இதே பெயரில் கல்லூரிகள் தோன்றின. அளவிலும் அதிகாரத்திலும் அமெரிக்கக் கல்லூரிகள் வேறு ரகம்.

கதை ஓர் ஆசிரியரிடம் தொடங்குகிறது. இதுவே நமக்குப் புதுமைதான். கல்லூரி முதல்வர் உத்தரவு போட்டுப் படிப்பைத் தொடங்கிவிட முடியாது. 1988இல் நிறைவேறிய ஒரு சட்டத்தை ஒட்டி, பாடத்திட்டம், பட்டத்துக்கான நிபந்தனைகள், புதுப் படிப்புகளை உருவாக்குவது முதலிய பத்து விஷயங்கள் ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கும் ‘ஆசிரியர் பேரவை’யின் பொறுப்பில் வந்தன. பதினொன்றாவதாக, பேரவையும் கல்லூரியின் ஆட்சிக்குழுவும் ஒப்புக்கொள்கிற மற்ற விஷயங்கள். கல்லூரி வட்டாரத்தில் இதற்குப் பட்டப்பெயரே ‘டென் பிளஸ் ஒன்’தான். ஆட்சிக்குழு கையெழுத்துப் போட வேண்டும், உண்மை. ஆனால் அந்தக் காகிதம் அவர்கள் மேசைக்கு வர வேண்டுமானால் முதலில் ஆசிரியர்களின் பாடத்திட்டக் குழுவைத் தாண்டியாக வேண்டும்.

அதற்கும் முன்னால் ஊரைக் கேட்க வேண்டும். தொழில் சார்ந்த படிப்பென்றால் அந்த வட்டாரத்தில் வேலை இருக்கிறதா என்று ஆய்வு செய்தாக வேண்டும் என்பது சட்டம். கணக்கு கேட்க எளிது: ஆண்டுக்கு எத்தனை இடம் காலியாகிறது? பக்கத்துக் கல்லூரிகள் ஏற்கெனவே எத்தனை பேரைப் பயிற்றுவித்து அனுப்புகின்றன? இரண்டுக்கும் நடுவில் பள்ளம் இருந்தால்தான் புதுப் படிப்புக்கு இடம். முதலாளிகளும் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்கார்ந்த ஆலோசனைக் குழு ஒன்று பாடங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லும். பிறகு அதே வட்டாரத்தில் உள்ள மற்றக் கல்லூரிகளின் கூட்டமைப்பு பரிந்துரைக்க வேண்டும். அதாவது, நாளைக்கு நமக்குப் போட்டியாக வரக்கூடியவர்களிடமே போய், ‘எங்களுக்கும் இது தேவை’ என்று ஒப்புதல் வாங்கி வர வேண்டும்.

இனி நேரக் கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நம் கல்லூரிகளில் கிரெடிட் என்கிறார்களே, அதை அங்கே ‘யூனிட்’ என்பார்கள். ஒரு யூனிட் என்றால் மாணவர் குறைந்தது 48 மணி நேரம் உழைத்திருக்க வேண்டும். வகுப்பில் உட்காருவது, வீட்டில் படிப்பது, ஆய்வகத்தில் நிற்பது எல்லாம் சேர்த்து. இணைப்பட்டத்துக்கு 60 யூனிட், அதாவது 2,880 மணி. நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் விடுமுறையே இல்லாமல் 360 நாள். நான்கு ஆண்டுப் பட்டத்துக்கு 120 யூனிட், 720 நாள். ஒரு மனிதரின் வாழ்க்கையிலிருந்து இவ்வளவு மணி நேரத்தைக் கேட்கிறோம் என்பதைக் காகிதத்தில் எழுதிக் கூட்டிக் காட்டச் சொல்கிறது விதி. பல்கலைக்கழகங்கள் எல்லாமே இப்படிக் கூட்டிப் பார்த்தால் நல்லது!

இதில் ஒரு நூலை இழுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மூன்று யூனிட் பாடம் ஒன்று. வாரம் மூன்று மணி வீதம் 18 வாரத்துக்கு 54 மணி வகுப்பு, அதற்கு இரட்டிப்பாக 108 மணி வீட்டு உழைப்பு. ‘இதைக் கையால் செய்து பார்க்காமல் எப்படி?’ என்று பாடத்திட்டக் குழு உறுப்பினர் ஒருவர் கேட்கிறார், நியாயமாகவே. வாரம் மூன்று மணி ஆய்வகம் சேர்க்கிறார்கள். பாடம் நான்கு யூனிட் ஆகிறது. பட்டத்தின் கூட்டுத்தொகை 61 ஆகிறது. அந்த ஒன்றைக் குறைக்க வேறு பாடத்தில் கை வைக்க வேண்டும். அதை நடத்துபவர் சும்மா இருப்பாரா? ஆசிரியரின் வேலைப்பளுவும் மாறுகிறது, ஆய்வக அறைக்கு அட்டவணை போட வேண்டும், மாணவரின் கட்டணம் ஒரு யூனிட்டுக்கான 46 டாலர் ஏறுகிறது. வாரத்துக்கு மூன்று மணி நேரம் சேர்த்ததற்கு இத்தனை அசைவு. பாடத்திட்டக் குழுக் கூட்டங்கள் ஏன் நீள்கின்றன என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ‘அதிகாரபூர்வப் பாட வரைவு’ எழுத வேண்டும். நோக்கங்கள், உள்ளடக்கம், வாசிப்பு, எழுத்துப் பணி, கற்பிக்கும் முறை, மதிப்பிடும் முறை அனைத்தும் அதில் இருக்கும். சில பக்கங்கள்தான், ஆனால் கல்லூரியின் ஒப்பந்தப் பத்திரம் போன்றது. அந்தப் பாடத்தை யார் நடத்தினாலும், நிரந்தர ஆசிரியரோ பகுதிநேர ஆசிரியரோ, அதில் உள்ளதை நடத்தியே ஆக வேண்டும். எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் இருப்பவர் இந்த வரைவை மட்டும் படித்துவிட்டு, ‘இது எங்கள் பாடத்துக்குச் சமம்’ என்றோ இல்லை என்றோ தீர்மானிப்பார். அந்தத் தீர்மானத்தில் ஒரு மாணவரின் அரை ஆண்டு அடங்கியிருக்கலாம்.

‘இதைப் படித்துவிட்டுத்தான் அதற்கு வர வேண்டும்’ என்கிற முன்தகுதிப் பாடங்களையும் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. முந்தைய பாடம் தருகிற திறன்களை ஒரு பக்கமும், அடுத்த பாடத்தில் நுழையத் தேவையான திறன்களை மறுபக்கமும் எழுதி, ஒன்றோடொன்று பொருத்திக் காட்ட வேண்டும். பொருந்தாவிட்டால் அந்தத் தடுப்பு நிற்காது. கதவு எல்லாருக்கும் திறந்த கல்லூரியில், உள்ளே போனபின் சத்தமில்லாமல் இன்னொரு கதவைப் பூட்டிவிடக் கூடாது என்பதுதான் இதன் உள்நோக்கம்.

வெளியே தெரியாத இன்னொரு சூட்சுமம், பாடத்துக்குத் துறை குறிப்பது. ‘துக்கத்தின் உளவியல்’ என்று ஒரு பாடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை உளவியல் துறையில் வைத்தால், நடத்துபவருக்கு அந்தத் துறையில் முதுநிலைப் பட்டம் வேண்டும். ஈமப்பணித் துறையில் வைத்தால் கணக்கே வேறு. முதுநிலைப் பட்டம் வழக்கமாக எதிர்பார்க்கப்படாத இத்தகைய துறைகளில், இளநிலைப் பட்டமும் 2 ஆண்டுத் தொழில் அனுபவமும் போதும். அல்லது இணைப்பட்டமும் 6 ஆண்டு அனுபவமும். ஆக, படிவத்தில் ஒரு கட்டத்தில் எதை எழுதுகிறோம் என்பது, பல ஆண்டு உடல்களோடும் குடும்பங்களோடும் புழங்கிய ஒருவர் வகுப்புக்குள் வரலாமா கூடாதா என்பதையே முடிவு செய்கிறது.

பணம்? அதற்கும் ஒரு எண் இருக்கிறது: 525. ஒரு முழுநேர மாணவர் என்பவர் ஆண்டுக்கு 525 வகுப்பு மணிக்குச் சமம். வாரம் 15 மணி, 35 வாரம். மாநில அரசு தரும் நிதியில் பெரும்பங்கு இந்தத் தலைக்கணக்கில்தான் வருகிறது. 54 மணி வகுப்பில் 35 பேர் உட்கார்ந்தால் 3.6 முழுநேர மாணவர். 12 பேர் மட்டும் என்றால் 1.2. விரிவுரை வகுப்பில் 35 பேரை உட்கார வைக்கலாம், பல் சுத்திகரிப்புப் பயிற்சி மருத்துவமனையில் முடியுமா? வேலைவாய்ப்பு நிறைந்த படிப்புகளே கல்லூரிக்கு நிதிச் சுமையாவது இப்படித்தான். செலவு தாங்குமா என்று கணக்குக் காட்டாமல் அனுமதி நகராது.

இவ்வளவையும் கட்டிக்கொண்டு மாநிலத் தலைமையான வேந்தர் அலுவலகத்துக்குப் போனால், அங்கே கேட்பது ஐந்தே கேள்வி. கல்லூரியின் நோக்கத்துக்குப் பொருந்துகிறதா, தேவை இருக்கிறதா, தரம் எப்படி, நடத்த முடியுமா, சட்டப்படி இருக்கிறதா. படிப்புக்குத் தனிக் குறியீடு ஒன்று கொடுப்பார்கள். பிறகு தரமதிப்பீட்டு ஆணையம், நம் நாக் குழுவுக்கு ஒப்பானது, பெரிய மாற்றம் என்றால் அதைத் தனியாக ஆராயும். மத்திய அரசின் உதவித்தொகைக்கும் அந்தப் படிப்பு தகுதி பெற வேண்டும். இல்லாவிட்டால் ஏழை மாணவருக்கு அது கண்ணுக்கு மட்டும்தான் விருந்து.

இரண்டு ஆண்டுப் படிப்பு என்றால் கதை இங்கே முடிந்துவிடும். நான்கு ஆண்டுப் பட்டம் என்றால் இனிமேல்தான் மலையேற்றம். கலிபோர்னியாவின் 1960ஆம் ஆண்டுப் பெருந்திட்டம் உயர்கல்வியை மூன்று அடுக்காகப் பிரித்தது. பள்ளி முடிப்பவர்களில் மேல் எட்டில் ஒரு பங்கினர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு. மேல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு. சமுதாயக் கல்லூரி எல்லாருக்கும். இளநிலைப் பட்டம் மேல் இரண்டு அடுக்குகளுக்கு மட்டும் என்ற வேலியில் 2014இல்தான் ஓட்டை விழுந்தது. சோதனை முயற்சியாக 15 இடங்களில் ஆளுக்கு ஒரு பட்டம். விமான உடற்பாக உற்பத்தி, சுவாசச் சிகிச்சை, குதிரைப் பண்ணை மேலாண்மை என்று பல்கலைக்கழகங்கள் சீண்டாத துறைகள். ஈமப்பணியும் அந்தப் பட்டியலில் வந்ததுதான். 2021இல் வந்த சட்டம் இதை நிரந்தரமாக்கி, ஆண்டுக்கு இரண்டு சுற்று, சுற்றுக்கு 15 படிப்பு, மொத்தம் 30 வரை என்று வழிவிட்டது. மேல் வகுப்புப் பாடங்களுக்கு யூனிட்டுக்கு 84 டாலர் கூடுதல். அப்படியும் நான்கு ஆண்டுக்கான மொத்தக் கல்விக் கட்டணம் 10,560 டாலர்தான்.

ஒரு நிபந்தனை மட்டும் விடவில்லை. இரண்டு பல்கலைக்கழக அமைப்புகளில் ஏதாவது ஒன்று ஏற்கெனவே நடத்துகிற பட்டத்தைச் சமுதாயக் கல்லூரி மீண்டும் தொடங்கக் கூடாது. விண்ணப்பம் அவர்களிடம் போகும். அவர்கள் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபித்தால் பேசித் தீர்க்க வேண்டும்.

சியரா மலையில் குவின்சி என்ற சிற்றூரில் ஃபெதர் ரிவர் கல்லூரி இருக்கிறது. 2021இல் ‘டிக்ஸி’ காட்டுத்தீ அந்த வட்டாரத்தைத் தின்றது. எரிந்த பரப்பு 9,63,309 ஏக்கர். இன்றைய சென்னை மாநகராட்சியைப் போல ஒன்பது மடங்கு. அதே கவுன்ட்டியில் உள்ள கிரீன்வில் ஊர் கிட்டத்தட்ட முழுவதுமாகச் சாம்பலானது. பின்னர், காட்டைச் சீரமைக்கவும் தீயைக் கையாளவும் கற்றுத்தரும் பட்டம் ஒன்றை அந்தக் கல்லூரி முன்வைத்தது. எதிர்ப்பு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பைச் சேர்ந்த கால் பாலி ஹம்போல்ட்டிலிருந்து வந்தது. அங்கேயும் தீயியல் படிப்பு உருவாகிக்கொண்டிருந்தது. இரண்டு ஊருக்கும் நடுவே மலைச்சாலையில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பயணம். ஆனால் ‘ஏற்கெனவே இருக்கிறதா’ என்று கேட்கிற விதியில் தூரம் பற்றிப் பேச்சே இல்லை. வேந்தர் அலுவலகம் ஃபெதர் ரிவருக்கு அனுமதி கொடுத்தது; பிணக்கு தீரவில்லை. அதன்பின் சான் டியேகோ நகரக் கல்லூரியின் இணையப் பாதுகாப்புப் பட்டம் உள்ளிட்ட வேறு சிலவும் இதே முட்டுச்சந்தில் மாட்டின.

மற்றச் சாவிகள் ஒவ்வொன்றும் மாணவருக்காகக் கேள்வி கேட்கின்றன: வேலை கிடைக்குமா, நேரம் வீணாகுமா, பாடம் செல்லுபடியாகுமா. இந்த ஒன்று மட்டும் நிறுவனத்தின் எல்லையைக் காக்கிறது. வேலையும் பிள்ளைகளுமாக ஊரைவிட்டு நகர முடியாதவருக்கு ஐந்து மணி நேரத் தூரத்தில் உள்ள பட்டம் இருந்தும் இல்லாததே. தூரத்தையும் கணக்கில் சேர்க்காதவரை இந்த விதி அரைகுறைதான்.

அனுமதி வந்த படிப்பு கையேட்டில் ஏறிவிட்டால் கல்லூரி அதற்குக் கட்டுப்பட்டது. தொடர்ந்து படிக்கும் மாணவர், சேர்ந்த ஆண்டின் கையேட்டில் இருந்த நிபந்தனைகளின்படியே பட்டம் பெறலாம். பாதியில் விதியை மாற்றி அவரைச் சிக்க வைக்க முடியாது. அதற்காகப் படிப்பு சாகாவரம் பெற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. தொழிற்கல்விப் படிப்பு ஒவ்வொன்றையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆட்சிக்குழு மறுபடி ஆராய வேண்டும். வேலைச் சந்தையில் தேவை இல்லை என்று தெரிந்தால் ஓராண்டுக்குள் மூடிவிட வேண்டும் என்கிறது கலிபோர்னியக் கல்விச் சட்டம்.